கதவுக்கு வெளியே கேட்ட குரல்

அத்தியாயம் 14

சனோபர் திண்டிவனம் பஸ்ஸில் மயங்கி விழுந்து அன்றோடு பதினோரு நாள் ஆகியிருந்தது.

டைப்ரைட்டிங் கிளாஸ் முடிந்து வரும் வழியில், பிரம்மதேசம் தாண்டியதும் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்து, பக்கத்தில் இருந்த அம்மாள் மடியிலேயே சரிந்துவிட்டாள். கண்டக்டர் அவளை அடையாளம் கண்டுபிடித்து, "உப்பு பாய் வீட்டுப் பொண்ணுப்பா" என்று வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தினார். பாண்டிச்சேரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். அந்தத் தாளோடு மெட்ராஸுக்கு, பழைய டாக்டரிடமே போனார்கள்.

டாக்டர் வெங்கடாசலம் தாளைப் பார்த்ததும் சொல்லிவிட்டார்.

"அம்மாவுக்கு இருந்த அதே கோளாறுதான். சில குடும்பத்துல இப்படி வரும்."

சனோபரின் அப்பா ஜஹாங்கீருக்கு டாக்டர் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மனைவி மெஹரூன்னிசாவுக்கு அந்த வைத்தியத்தைச் செய்தபோதே அவர் அதைத் தன் உப்பளத் தொழில் வழியாகப் புரிந்துவைத்திருந்தார். பாத்திக்குத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வர வேண்டும். வரப்பில் எலி வளை போட்டுவிட்டால் தண்ணீர் குறுக்கே பாய்ந்து பாத்தி கலங்கிப் போகும். இதயத்திலும் அப்படி ஒரு வளை. தொடை நரம்பு வழியாக மெல்லிய ஒயரை இதயம் வரைக்கும் ஏற்றி, அந்த இடத்தில் கரண்டு வைத்துச் சுட்டு வளையை அடைத்துவிடுவார்கள். நெஞ்சைக் கிழிக்கிற வேலை இல்லை.

மெஹரூன்னிசாவுக்கு அது நடந்து பதினாலு மாதம். அதற்குப் பிறகு ஒருநாள்கூட அவளுக்குப் படபடப்பு வந்ததில்லை.

"தூங்கிட்டேன். ஒண்ணுமே தெரியல" என்று அன்றைக்கு அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மகளுக்கும் செய்யலாம் என்று ஜஹாங்கீர் டாக்டரிடம் தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போஸ்ட்மேன் கன்னியப்பன் உப்பளத்து ஷெட்டுக்கே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார்.

"பாய், மெட்ராஸ் லெட்டர். வீட்டுக்குப் போறதுக்குள்ள நீங்களே பாத்துடுவீங்கன்னு இங்கயே எடுத்தாந்துட்டேன்."

லாரியில் பாதி மூட்டைதான் ஏறியிருந்தது. ஜஹாங்கீர் கவரைக் கிழித்தார். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. அவருக்குத் தேதி மட்டும் புரிந்தது. வர்ற வியாழக்கிழமை. நடுவில் இரண்டே நாள்.

டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவர் வீட்டைப் பார்த்து நடந்தார். வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. பயமாகவும் இருந்தது, ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. தேதி கிடைத்துவிட்டது. நாலு நாளில் பிள்ளை எழுந்து நடந்துவிடும்.

மெஹரூன்னிசா கொல்லைப்புறத்தில் மடவை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மெஹரு, லெட்டர் வந்துருச்சு. வியாழக்கிழமை. புதன்கிழமை மத்தியானமே கிளம்பிடலாம்."

அவள் கை நின்றது. ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வேணாங்க."

"என்ன வேணாம்?"

"அவளுக்கு அது வேணாம். மாத்திரையே குடுக்கட்டும்."

ஜஹாங்கீருக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளாக வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, தேதி வந்த பிறகு இதென்ன?

"மாத்திரையில இது நின்னுடுமா? டாக்டர் என்ன சொன்னாரு, உனக்கும் தெரியும். இப்படியே ஓடிட்டு இருந்தா ஒருநாள் ஒரேயடியா நின்னாலும் நிக்கும்னாரு. நீயே பண்ணிக்கிட்டவ. ஒண்ணுமே தெரியலன்னு ஊரெல்லாம் சொன்னவ."

"பொய் சொன்னேன்."

அவள் குரல் உயரவே இல்லை. உள்ளறையில் சனோபர் படுத்திருந்தாள். அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் அந்தக் குரலில் இருந்தது.

ஜஹாங்கீர் கிணற்று மேடையில் உட்கார்ந்தார். லெட்டர் கையிலேயே இருந்தது.

"ஊசி போட்டாங்க. கண்ணு சொருகுச்சு. தூங்கிடுவேன்னுதான் நானும் நினைச்சேன்" என்றாள் மெஹரூன்னிசா, மீனைப் பார்த்துக்கொண்டே. "ஆனா தூக்கம் முழுசா வரல. அவங்க பேசறது எல்லாம் கேட்குது. தொடையில குத்தினது, உள்ளே ஏதோ ஊர்ந்து மேல போறது, எல்லாம் தெரியுது. சரி, இவ்வளவுதானே, பல்லைக் கடிச்சுக்குவோம்னு இருந்தேன். அப்புறம்தான் அந்தக் கரண்டு வெச்சாங்க."

அவள் செதிலை ஒதுக்கித் தள்ளினாள்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலங்க. மூணு புள்ளை பெத்தேன், ரெண்டைப் பறிகுடுத்தேன். அந்த வலியெல்லாம் வேற. அது நம்ம உடம்பு வலி. இது யாரோ உள்ளே பூந்து அடிக்கிற மாதிரி. மேஜையை விட்டு உடம்பு எழும்பி விழுந்துச்சு. கை ரெண்டையும் பட்டை போட்டுக் கட்டி இருந்தாங்க. நிறுத்துங்கன்னு சொல்ல வாய் எடுத்தா நாக்கு புரளல. ஒரு நர்ஸம்மா குனிஞ்சு, 'இன்னும் ஒண்ணே ஒண்ணுதாம்மா'ன்னுச்சு. அந்த ஒண்ணு முடிஞ்சதும் திரும்பவும் 'இன்னும் ஒண்ணுதான்'னுச்சு. மூணு தடவை சொல்லுச்சு."

போன ரம்ஜானுக்கு வாங்கிக் கொடுத்த வளையலை அவள் ஏன் கையில் போடவே இல்லை என்று ஜஹாங்கீருக்கு அப்போதுதான் உறைத்தது. மணிக்கட்டில் எதுவும் இறுக்கினால் அவளுக்கு ஆகாது. வயசாகிவிட்டது, ஆசை விட்டுப்போய்விட்டது என்று அவராகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல மெஹரு?"

"டிராலியில தள்ளிட்டு வந்தப்போ நீங்க ஓடி வந்தீங்க. கையில டீ கிளாஸ் இருந்துச்சு. 'தூங்கினியா'ன்னு கேட்டீங்க. உங்க முகத்தைப் பார்த்தேன். ஆமான்னு சொல்லு, ஆமான்னு சொல்லுன்னு கெஞ்சுது. காகிதத்துல கையெழுத்துப் போட்டது நீங்கதானே. ஆமான்னு சொல்லிட்டேன். ஒருதடவை சொல்லிட்டா அப்புறம் எங்கே மாத்தறது?"

ஜஹாங்கீர் கேட்கக் கூடாததைக் கேட்டார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கத்தினியா?"

மெஹரூன்னிசா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு கூச்சம்.

"கடைசியா நாக்கு வந்துச்சு. உங்களைத்தான் கூப்பிட்டேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டேன். அல்லாஹ் மன்னிக்கட்டும், அந்த நேரத்துக்கு வேற எதுவும் வாயில வரல." உடனே அவளே அவரைத் தேற்றுகிற மாதிரி சொன்னாள். "நல்ல வேளை, கதவு சாத்தி இருந்துச்சு. உங்களுக்குக் கேட்டிருந்தா தாங்கியிருக்க மாட்டீங்க."

ஜஹாங்கீர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவருக்குக் கேட்டிருந்தது.

அன்றைக்கு அந்த வராண்டாவில், கதவுக்கு எதிரே போட்டிருந்த பெஞ்சில்தான் அவர் உட்கார்ந்திருந்தார். முதலில் ஒரு முனகல். பிறகு நன்றாக, தெளிவாக, ஒரு பெண் குரல். "ஜஹாங்கீர்!" பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். ஜஹாங்கீர் எழுந்து நின்றார். நின்றவர் தனக்குள் சொல்லிக்கொண்டார்: என் வீட்டுக்காரி என் பேரைச் சொல்ல மாட்டா. நிக்காஹ் ஆகி இருபத்திரண்டு வருஷத்தில் ஒருதடவைகூடச் சொன்னதில்லை. இது வேற யாரோ. மெட்ராஸில் ஜஹாங்கீர் என்று எத்தனையோ பேர்.

இன்னொரு தடவை அந்தக் குரல் வருவதற்குள் படி இறங்கிக் கேன்டீனுக்குப் போய் ஒரு டீ வாங்கினார்.

பதினாலு மாதமாக அது வேறு யாரோதான். மெஹரூன்னிசா "தூங்கிட்டேன்" என்று சொன்னபோது அவர் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னதில் பாதி அதற்காகத்தான்.

இப்போது சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தார். அதற்குள் கொல்லைக் கதவு சத்தம் போட்டது.

சனோபர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பத்தொன்பது வயசுப் பெண். இந்தப் பதினோரு நாளில் முகம் சுண்டிப் போயிருந்தது.

"எல்லாம் கேட்டுச்சும்மா" என்றாள்.

"நீ ஏண்டி எழுந்து வந்தே? போய்ப் படு."

"ஆனா அது நல்லாயிடுச்சு இல்ல? உனக்கு?"

மெஹரூன்னிசா மீனைச் சட்டியில் போட்டாள். மனசு ஒப்பவில்லை, ஆனாலும் பொய் சொல்ல முடியாது. முன்பெல்லாம் ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே உட்கார்ந்துவிடுவாள். இப்போது ரெண்டு குடமாகத் தூக்குகிறாள்.

"நல்லாயிடுச்சு" என்றாள், ஏதோ தப்பை ஒப்புக்கொள்கிற மாதிரி.

"எனக்குப் பயமா இருக்குதும்மா. கையக் காலக் கட்டுவாங்கன்னா இன்னும் பயமா இருக்குது. ஆனா பஸ்ஸுல விழுந்தேனே, அப்போ கண்ணு இருட்டிக்கிட்டு வர்றப்போ, இதோட செத்துட்டேன்னு நினைச்சேன். திரும்ப எப்போ வருமோன்னு தினம் பயந்துட்டுப் படுக்க என்னால முடியல." அவள் அப்பாவைப் பார்த்தாள். "அத்தா, அப்பெண்டிஸ் ஆபரேஷனுக்கு எல்லாம் முழுசா மயக்கம் குடுக்கறாங்களே. எனக்கு அப்படிக் குடுக்க முடியுமா முடியாதா, அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க. முடியும்னா நான் போறேன்."

ஜஹாங்கீர் லெட்டரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அந்த நேரத்தில் அவருக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. மகள் ஒரு வேலை கொடுத்துவிட்டாள்.

"டிரங்க் கால் போட்டுப் பேசிட்டு வர்றேன்."

போஸ்ட் ஆபீஸில் கூட்டம் இருந்தது. போஸ்ட்மாஸ்டர் சுப்ராயன் லெட்டரில் இருந்த நம்பரைக் குறித்துக்கொண்டு, திண்டிவனம் எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லி, "உட்காருங்க பாய், அரை மணி ஆகும்" என்றார்.

முக்கால் மணி ஆனது. கிடைத்த லைனும் கரகரவென்று இரைந்தது.

"டாக்டர், நான் மரக்காணம் ஜஹாங்கீர் பேசறேன்."

"சொல்லுங்க பாய். லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சு டாக்டர். ஒண்ணு கேட்கணும். என் சம்சாரத்துக்குப் பண்ணப்போ அவங்களுக்கு மயக்கம் சரியா வரலையாம்."

"கேட்கல. சத்தமா பேசுங்க."

ஜஹாங்கீர் சுற்றிலும் பார்த்தார். மணியார்டர் ஃபாரம் எழுதிக்கொண்டிருந்தவர், ஸ்டாம்ப் வாங்க வந்தவர், மூட்டை கட்டிக்கொண்டிருந்த கன்னியப்பன், எல்லோரும் தெரிந்தவர்கள். வேறு வழியில்லை. கத்தினார்.

"என் சம்சாரம் முழிச்சுட்டு இருந்திருக்காங்க டாக்டர்! வலி பூராவும் தெரிஞ்சிருக்கு!"

 டாக்டர் நிதானமாகச் சொன்னார்.

"பாய், நாங்க குடுக்கிற ஊசிக்கு அப்படித்தான் இருக்கும். பேஷண்ட் முனகலாம், சத்தம் போடலாம். ஆனா எதுவும் ஞாபகம் இருக்காது. எழுந்ததும் மறந்துடும். மறுநாள் ரவுண்ட்ஸ் வந்தப்போ நானே கேட்டேனே, நல்லா தூங்கினேன்னு சொன்னாங்களே?"

"சும்மா சொல்லியிருக்காங்க டாக்டர்."

"இப்போ பொண்ணுக்குச் செய்யணும்னதும் பயம். அதுல ஏதேதோ தோணும். கனவு மாதிரி."

"கனவு இல்ல டாக்டர். அவ கத்தினா."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க உள்ளே இல்லையே?"

அவர் குறுக்கு விசாரணை எதுவும் செய்யவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதிலைச் சொல்லாவிட்டால் மெஹரூன்னிசா பட்டதெல்லாம் கனவாகிவிடும். வியாழக்கிழமை அதே ஊசியைச் சனோபருக்கும் போடுவார்கள்.

"நான் கேட்டேன்!" என்று ஜஹாங்கீர் கத்தினார். "வெளியே பெஞ்சுல உட்கார்ந்துட்டு நான் கேட்டேன் டாக்டர்! என் பேரைச் சொல்லிக் கத்தினா. எனக்கு நல்லா கேட்டுச்சு!"

 போஸ்ட் ஆபீஸில் ரப்பர் ஸ்டாம்ப் சத்தம் நின்றுவிட்டது.

சுப்ராயன் அவரைத் தாண்டி வாசல் பக்கம் பார்த்தார். ஜஹாங்கீரும் திரும்பினார்.

புர்காவின் முகத்திரையைத் தூக்கிவிட்டுக்கொண்டு மெஹரூன்னிசா வாசற்படியில் நின்றிருந்தாள். நடந்து வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. 'நீயே போய்ச் சொல்லும்மா, அனுபவிச்சவ நீ. அத்தா சொன்னா நம்ப மாட்டாங்க' என்று சனோபர்தான் அவளைத் துரத்தியிருந்தாள்.

அவள் எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்க வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அவள் நேராக வந்து கையை நீட்டினாள். ஜஹாங்கீர் ரிசீவரைக் கொடுத்தார்.

"டாக்டர், நான் மெஹரூன்னிசா." அவள் வாழ்க்கையில் டெலிபோனில் பேசியது மொத்தம் இரண்டு தடவையோ மூன்று தடவையோதான். ஆனால் தெளிவாகச் சொன்னாள். "மொத்தம் நாலு தடவை வெச்சீங்க. மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல, எழும்பூர்ல டிக்கெட் எடுத்தாச்சான்னு யாரையோ கேட்டீங்க. இல்லைன்னு அவர் சொன்னாரு. சாயங்காலத்துக்குள்ள ஆளை அனுப்புன்னு சொன்னீங்க."

வெறும் இரைச்சல் மட்டும் வெகுநேரம் வந்தது.

"அம்மா" என்றார் டாக்டர். அந்தக் குரல் வேறு மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற ஜஹாங்கீருக்கும் கேட்டது. "எனக்குத் தெரியாதும்மா. மறந்துடும்னுதான் படிச்சேன். மறந்துட்டதா நினைச்சுத்தான் எல்லாருக்கும் பண்ணினேன்."

"என் பொண்ணுக்கு?"

"மயக்க டாக்டரைக் கேட்கிறேன். அவர் பக்கத்துலயே இருந்து, ஆபரேஷனுக்குக் குடுக்கிற மாதிரி முழுசா குடுத்த பிறகுதான் ஆரம்பிப்பேன். அவர் வரலைன்னா அன்னைக்குப் பண்ண மாட்டேன். இதை நான் உங்களுக்குச் சொல்றேன்."

"அவ நல்லா தூங்கிட்டாளான்னு நான் உள்ளே நின்னு பார்க்கணும். பார்த்துட்டு வெளியே வந்துடறேன்."

"அது வழக்கம் இல்லையேம்மா, அந்த ரூமுக்குள்ள..."

லைன் கட்டாகிவிட்டது. மெஹரூன்னிசா இரண்டு தடவை "டாக்டர், டாக்டர்" என்று கூப்பிட்டாள். பிறகு ரிசீவரை எப்படி வைப்பது என்று தெரியாமல் சுப்ராயனிடம் கொடுத்தாள்.

"திரும்பப் போடட்டுமாம்மா?"

"வேணாங்க. நேர்ல போய்ப் பேசிக்கிறேன்."

வெளியே வேப்பமரத்து நிழலில் ஜஹாங்கீர் அவளை எட்டிப் பிடித்தார். கடல் காத்து ஆரம்பித்திருந்தது. ரோட்டில் மணல் பறந்தது.

"மெஹரு, நில்லு."

நின்றாள்.

"நீ என் பேரைச் சொல்லவே மாட்டியே மெஹரு. இருபத்திரண்டு வருஷத்துல சொன்னதே இல்லையே. வேற யாரோன்னு நினைச்சேன்."

அவள் அவரை நேராகப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார்.

"நிஜமாவே நினைச்சீங்களா? இல்ல, நினைச்சுக்கிட்டீங்களா?"

 ஒரு சைக்கிள்காரன் சலாம் சொல்லிக்கொண்டு போனான். ஜஹாங்கீருக்குப் பதில் சலாம் சொல்ல வரவில்லை.

"நினைச்சுக்கிட்டேன்" என்றார். "பயந்துட்டேன். கதவைத் தட்டினா என்னை உள்ளே விட்டுப் பார்க்க வெச்சுடுவாங்களோன்னு பயந்துட்டேன்."

மெஹரூன்னிசாவின் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இத்தனை நாளா அது என் பாரம்னு நினைச்சுத் தூக்கிட்டு இருந்தேன். உங்களுக்குத் தெரியக் கூடாதேன்னு மல்லாக்கப் படுக்க முடியாததைக்கூட முதுகு வலின்னு சொன்னேன். உங்களுக்குத் தெரிஞ்சே இருந்திருக்கு. ரெண்டு பேரும் ஒரே பாயில படுத்துக்கிட்டு, ஒருத்தருக்கொருத்தர் பொய் சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம்."

"இனிமே அப்படி இருக்க மாட்டேன். வியாழக்கிழமை நான் கதவை விட்டு அசைய மாட்டேன். அல்லாஹ் மேல ஆணை."

"வேணாம்."

"என்ன?"

"நீங்க வர வேணாம். அவளை நான் கூட்டிட்டுப் போறேன். எந்தம்பி ஷஃபி துணைக்கு வருவான். கையெழுத்தையும் நானே போடறேன்."

"மெஹரு, அவ என் புள்ளை."

"ஆமா. அவளும் உங்களைத்தான் கூப்பிடுவா." அவள் முகத்திரையை இழுத்துவிட்டாள். திரைக்குள்ளிருந்து வந்த குரல் உடைந்திருந்தது. "அந்த பெஞ்சுல நீங்க இருக்கீங்கன்னு நம்பிட்டு என்னால இன்னொரு தடவை உள்ளே போக முடியாதுங்க."

அவள் ரோட்டில் இறங்கி எதிர்ப்பக்கம் போனாள். பாண்டிச்சேரி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்து இருவருக்கும் நடுவே நின்றது. ஆள் இறங்கி, ஆள் ஏறி, அது நகர்ந்தபோது மெஹரூன்னிசா பள்ளிவாசல் தெருவுக்குள் திரும்பியிருந்தாள்.

ஜஹாங்கீர் பின்னாலேயே போக ஒரு அடி எடுத்துவைத்தார். அந்த ஒரு அடிக்கு மேல் கால் வரவில்லை.